பூண்டு உப்பு வீட்டிலேயே செய்ய: குமரி மாவட்டத்து ஈரக்காற்றிலும் கட்டிபடாமல் எடுக்க ஒரு வழிகாட்டி

பூண்டையும் உப்பையும் மிக்சியில் அடித்து வெயிலில் காயவைத்தால் போதும் என்று நினைத்துத் தொடங்குகிறவர்கள்தான் அதிகம். பத்து நாளில் பாட்டிலுக்குள் அது கல்லாகிவிடும், அல்லது பழுப்பு நிறமாகிக் கசக்கும், அல்லது மூடியைத் திறந்ததும் புளித்த வாடை வரும். இந்த மூன்றுக்கும் காரணம் உலர்த்துவதில் நேரும் தவறுதான்: ஈரம் முழுதாகப் போகவில்லை, அல்லது அவசரப்பட்டு அதிகச் சூட்டில் போக்கப்பட்டது. கடலும் மலையும் இரண்டு பருவமழையும் உள்ள நம் மாவட்டத்தில் வெளியூர்க் குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் பூண்டும் வீண், உழைப்பும் வீண். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

கணக்குக்கு 1 கிலோ பூண்டு வைத்துக்கொள்வோம். உரித்தால் ஏறக்குறைய 850 கிராம் பல் நிற்கும். பூண்டுப் பல்லின் எடையில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர்தான். அதனால் நன்றாகக் காய்ந்து, பொடித்து, சலித்த பிறகு 280 முதல் 300 கிராம் தூள் கிடைக்கும். அதனுடன் மூன்று பங்கு உப்பு சேரும்போது 1.1 முதல் 1.2 கிலோ பூண்டு உப்பு ஆகிவிடும். ஒரு குடும்பத்துக்கு இது மிக அதிகம். முதல் தடவை கால் கிலோ பூண்டில் செய்து பாருங்கள்.

1. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

வெயிலை நம்பிச் செய்வதானால் மாசி, பங்குனி மாதங்களே சரி. அப்போது மழை குறைவு, வெயில் உறைப்பு. வட மாநிலங்களில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அறுவடையாகும் புதுப் பூண்டும் அப்போதுதான் சந்தைக்கு வரத் தொடங்கும். விலை இறங்குவதும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான்.

ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் வெயில் உலர்த்தலில் இறங்காதீர்கள். உப்புக்கு ஓர் இயல்பு உண்டு: காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால், சுத்தமான உப்புகூடக் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மழைக்காலக் காலைகளில் நம்மூர்க் காற்று அந்த அளவைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அந்த நாட்களில் செய்தே ஆகவேண்டும் என்றால் மின் உலர்த்தி (உணவை உலர்த்தும் டீஹைட்ரேட்டர்) தேவை.

மாவட்டத்துக்குள்ளேயே இடத்துக்கு இடம் வேறுபாடு உண்டு. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் கணவாய்க் காற்றில் வேகமாகக் காயும், ஆனால் தூசி ஏறும். துணி மூடாமல் வைக்கக் கூடாது. குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் மாலைக் கடல்காற்றே ஈரத்தைத் திரும்ப ஏற்றிவிடும். மூன்றரை மணிக்கே உள்ளே எடுத்துவிடுங்கள். குலசேகரம், பேச்சிப்பாறை, திற்பரப்புப் பக்கம் வெயில் நேரமே குறைவு. அங்கே ஒரு நாள் கூடுதலாகக் கணக்கிடுங்கள். ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூண்டில் இடம் இருக்கிறதே என்று பூண்டுத் தட்டை அதில் வைத்துவிடாதீர்கள். அந்தப் புகை வாடை பூண்டை விட்டுப் போகாது.

2. பூண்டு வாங்கும்போது

வடசேரிச் சந்தை, கோட்டாறு, மார்த்தாண்டம் என்று எங்கே வாங்கினாலும் மூட்டையிலிருந்து நீங்களே கையால் பொறுக்குங்கள். கையில் எடுத்தால் கனமாக, இறுக்கமாக இருக்க வேண்டும். அழுத்தினால் உள்ளே போகும் பூடு, கருப்புத் தூள் படிந்தது, பச்சை முளை விட்டது ஆகியவற்றை ஒதுக்குங்கள். முளை விட்ட பல்லை உலர்த்தினால் கசப்பு ஏறும். தவறி வந்துவிட்டால் பல்லைக் கீறி உள்ளிருக்கும் பச்சைத் தண்டை எடுத்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

கொடைக்கானல் மலைப்பூண்டு வாசனையில் மேல்தான், ஆனால் விலை அதிகம். தினசரிப் பயன்பாட்டு உப்புக்கு அது தேவையில்லை. பெரிய பல் உள்ள சாதாரணப் பூண்டு உரிக்கவும் நறுக்கவும் எளிது. சிறு பல் நாட்டுப்பூண்டு காரமாக இருக்கும், ஆனால் ஒரு கிலோ உரிக்க அரை நாள் போய்விடும்.

உரித்துப் பொட்டலம் போட்டு விற்கும் பல்லை வாங்காதீர்கள். அது தண்ணீரில் ஊறவைத்து உரித்ததா, என்றைக்கு உரித்தது என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை.

3. உப்பு

அயோடின் சேர்த்த கல் உப்பே சிறந்தது. பூண்டுத் தூளின் பருமனுக்கு ஏற்ப அதை நீங்களே பொடித்துக்கொள்ளலாம். பொடி உப்பு பாக்கெட்டும் ஆகும். அதில் கட்டிபடாமல் இருக்க ஏற்கெனவே ஒரு பொருள் சேர்த்திருப்பார்கள், பாக்கெட்டில் பார்த்தால் தெரியும்.

புத்தளம், சாமிதோப்புப் பக்கத்து உப்பளங்களிலிருந்து நேரே வாங்கும் உப்பு நன்றாக இருக்குமே என்று பலருக்கும் தோன்றும். அதில் இரண்டு சிக்கல். ஒன்று, அயோடின் சேர்த்திருக்காது. இரண்டு, கழுவாத உப்பில் மக்னீசியம் குளோரைடு ஒட்டியிருக்கும். அது சாதாரண உப்பைவிட மிகக் குறைந்த ஈரக்காற்றிலேயே தண்ணீரை இழுக்கும். உப்புச் சாடியின் அடியில் தண்ணீர் கட்டுவதற்கு அதுதான் காரணம். அந்த உப்பை ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் வையுங்கள்.

கலப்பதற்கு முன் உப்பைக் காயவைக்க வேண்டும். அடிகனமான எவர்சில்வர் சட்டியில் மிதமான தீயில் 8 முதல் 10 நிமிடம் கிளறினால் போதும். உள்ளே சிறைப்பட்ட ஈரம் வெளியேறுவதால் கல் உப்பு படபடவென்று வெடித்துத் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சிவக்கச் சிவக்க வறுக்க வேண்டாம். அதிகச் சூட்டில் அயோடின் குறையும். இரும்புச் சட்டியில் உப்பை வைத்தால் துருக்கறை ஏறும். வறுத்த உப்பு முழுதாக ஆறட்டும். வெதுவெதுப்பாகப் பூண்டுத் தூளில் கலந்தால் பாட்டிலுக்குள் வேர்த்துவிடும், அதுவரை செய்த வேலை அத்தனையும் அந்த ஒரு அவசரத்தில் போய்விடும்.

4. உரிப்பது

பூண்டை உதிர்த்து, பற்களை இரண்டு மணி நேரம் வெயிலில் போட்டு, சாக்கில் கட்டித் தேய்த்தால் தோல் பெரும்பாலும் கழன்றுவிடும். மிச்சத்தைக் கையால் எடுங்கள். ஒரு கிலோவுக்கு இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பூண்டுச் சாறு விரல் தோலைச் சுடும்.

தேங்காய் எண்ணெய் தடவி வெயிலில் வைத்தால் தோல் சட்டென்று கழலும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். ஊறுகாய்க்கு அது சரி. உப்புக்கு மட்டும் அந்த வழி வேண்டாம். எண்ணெய் பட்ட துண்டு சீராகக் காயாது, தூள் கட்டிபடும், ஒரே மாதத்தில் காறல் வாடை வரும். வெந்நீரில் ஊறவைப்பதும் வேண்டாம். நீங்கள் வெளியேற்றப் போவதே தண்ணீரைத்தான்.

உரித்த பிறகு கழுவியே ஆகவேண்டும் என்றால் ஓடும் தண்ணீரில் ஒரு அலசு, உடனே துணியில் துடைத்து மின்விசிறிக் கீழே அரை மணி நேரம்.

5. நறுக்குவது

2 முதல் 3 மில்லிமீட்டர் கனம், எல்லாத் துண்டும் ஒரே அளவு. இதில் கவனம் தவறினால் மெல்லிய துண்டு பழுப்பாகும்போது தடித்த துண்டு உள்ளே பச்சையாகவே இருக்கும். அந்த ஒரு பச்சைத் துண்டு முழுப் பாட்டிலையும் கெடுக்கும். சிப்ஸ் சீவும் கட்டையில் சீவினால் அளவு தப்பாது.

நசுக்கிக் காயவைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பூண்டின் மணமும் காரமும் முழுப் பல்லில் இல்லை. பல் நசுங்கும்போது அதற்குள் தனித்தனியாக இருக்கும் ஒரு பொருளும் ஒரு நொதியும் சந்தித்து அல்லிசின் உண்டாகிறது, வாசம் அதிலிருந்து வருகிறது. நசுக்கிவிட்டு நாள் முழுக்கக் காயவைத்தால் அந்த வாசம் காற்றோடு போய்விடும். சீவிய துண்டில் பெரும்பகுதி உள்ளேயே அடங்கியிருக்கும், பிறகு தூளில் ஈரம் பட்டதும் எழும்பும். 60 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் அந்த நொதி செயலிழக்கத் தொடங்கும். கடுஞ்சூட்டில் காய்ந்த பூண்டுத் தூள் வாசமில்லாமல் இருப்பது இதனால்தான்.

6. உலர்த்துவது

வெயிலில்: சுளவிலோ எவர்சில்வர் தட்டிலோ வெள்ளை வேட்டித் துணி விரித்து, துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். அலுமினியத் தட்டு வேண்டாம். மேலே கொசுவலை. மொட்டைமாடித் தரையில் நேராக வைக்காமல் பெஞ்சின் மேல் வைத்தால் அடியிலும் காற்று ஓடும். எறும்பு வருமானால் பெஞ்சுக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். காலை 9 முதல் மாலை 3.30 வரை, இடையில் இரண்டு முறை புரட்டி, நல்ல வெயிலில் மூன்று முதல் நான்கு நாள்.

பெரும்பாலானவர்கள் தவறுவது இரவில். மாலையில் சூடாக இருக்கும் துண்டுகளை அள்ளித் தூக்குப்போணியில் போட்டு மூடிவைத்தால் உள்ளே வேர்த்துக் காலையில் பிசுபிசுக்கும், இரண்டாம் நாளே புளிப்பு வாடை வரும். வீட்டுக்குள் மின்விசிறிக் கீழே பரப்பியே வையுங்கள். இரண்டாம் நாள் மேகம் மூடினால் மூன்றாம் நாள் வெயிலுக்காகக் காத்திருக்காமல் மின் உலர்த்திக்கு மாற்றிவிடுங்கள்.

பக்கத்தில் அப்பளமோ கூழ்வற்றலோ காயவைக்க வேண்டாம், எல்லாம் பூண்டு மணக்கும்.

மின் உலர்த்தியில்: 55 டிகிரி, 8 முதல் 10 மணி நேரம். நான்கு மணி நேரம் கழித்துத் தட்டுகளை மேலும் கீழும் மாற்றுங்கள். 400 முதல் 500 வாட் கருவி என்றால் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 5 யூனிட் மின்சாரம். நேரம் மிச்சம் என்று 70 டிகிரிக்கு ஏற்றினால் நிறம் மாறிக் கசப்பு வரும், அதைத் திருத்த வழியில்லை.

ஓவனில்: உங்கள் ஓவன் 60 டிகிரிக்கு இறங்குமானால் மட்டும். கதவில் ஒரு மரக்கரண்டியைச் சொருகி இடைவெளி விடுங்கள், ஈரம் வெளியேற வழி வேண்டும். குறைந்த அளவே 100 டிகிரி என்றால் அந்த ஓவன் இதற்கு ஆகாது.

7. காய்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது

சூடாக இருக்கும்போது தொட்டுப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சூட்டில் எல்லாத் துண்டும் ஒன்றுபோல்தான் தோன்றும். பத்துத் துண்டுகளை எடுத்து ஆறவைத்து ஒடித்துப் பாருங்கள். டக்கென்று ஒடிய வேண்டும். தோல்போல் வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. சமையல் தராசு இருந்தால் இன்னும் உறுதி: தட்டை எடை போட்டு, ஒரு மணி நேரம் கூடுதலாகக் காயவைத்து மறுபடி போடுங்கள். எடை குறையவில்லையென்றால் முடிந்தது. 850 கிராம் பல் 350 கிராமுக்குக் கீழே வந்திருக்க வேண்டும்.

அதன் பிறகும் உடனே பொடிக்காமல், துண்டுகளைக் கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் பங்கு நிரப்பி, இறுக்க மூடி, ஐந்து நாள் வையுங்கள். தினம் ஒரு தடவை குலுக்குங்கள். உள்சுவரில் ஈரத்துளி தெரிந்தாலோ துண்டுகள் ஒட்டிக்கொண்டாலோ மறுபடி இரண்டு மணி நேரம் உலர்த்துங்கள். பூஞ்சை ஒரு துண்டில் தெரிந்தாலும் முழுவதையும் கொட்டிவிடுங்கள். பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தக் கூடாது.

8. பொடிப்பது

மிக்சி சாடி எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். விட்டு விட்டு ஐந்து ஐந்து நொடியாக ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் சாடி சூடாகி, தூள் அடியில் அப்பிக்கொள்ளும். ஓட்டி முடித்து ஐந்து நிமிடம் கழித்து மூடியைத் திறங்கள். உடனே திறந்தால் தூள் பறந்து கண்ணையும் மூக்கையும் எரிக்கும். மைதா சலிக்கும் சல்லடையில் சலித்து, நிற்கும் கப்பியை மறுபடி அரையுங்கள். இதை மழை பெய்யும் நாளில் செய்ய வேண்டாம். பூண்டுத் தூள் பத்து நிமிடம் திறந்து கிடந்தாலே ஈரம் ஏறும்.

9. கலப்பது

அடிப்படை அளவு, எடையில்: பூண்டுத் தூள் 1 பங்கு, உப்பு 3 பங்கு. கரண்டியால் அளக்காதீர்கள், உப்பு கனம், பூண்டுத் தூள் லேசு, அளவு தப்பிவிடும்.

இரண்டின் பருமனும் ஒன்றாக இருக்க வேண்டும். பரல் உப்பில் மாவுபோன்ற பூண்டைக் கலந்தால் ஒரு வாரத்தில் பூண்டு அடியில் இறங்கிவிடும். மேலே வெறும் உப்பு, அடியில் வெறும் பூண்டு. உப்பையும் அதே சல்லடையில் இறங்கும் பதத்துக்குப் பொடியுங்கள்.

நம்மூர்ச் சுவைக்கு 400 கிராம் பூண்டு உப்பில் நல்லமிளகுத் தூள் 10 கிராம், வெயில்படாமல் நிழலில் காய்ந்த கறிவேப்பிலைத் தூள் 5 கிராம் சேர்த்தால் மீன் பொரிக்கவும் அவித்த மரச்சீனிக்கும் அருமையாக இருக்கும். வத்தல் தூள் வேண்டுமானால் 15 கிராம். காயம், சீரகம் என்று அடுக்கிக்கொண்டே போகாதீர்கள், பூண்டு மறைந்துவிடும்.

கட்டிபடாமல் இருக்க வறுத்து ஆறவைத்த பச்சரிசியை மெல்லிய துணியில் முடிந்து பாட்டிலுக்குள் போடலாம். அரிசி மாவு கலப்பதும் உண்டு, நூறு கிராமுக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டாம்.

10. அவசரத்துக்கு ஈரமுறை

உலர்த்த நாள் இல்லாதவர்களுக்கு: உரித்த பூண்டு 100 கிராம், கல் உப்பு 400 கிராம். இரண்டையும் சேர்த்துக் கரகரப்பாக அரைத்து, தட்டில் மெல்லிய படலமாகப் பரப்பி, 55 டிகிரியில் 5 முதல் 6 மணி நேரம் உலர்த்தி, உதிர்த்துச் சலியுங்கள். இதில் நசுங்கிய வாசம் தூக்கலாக இருக்கும், ஆனால் மெதுவாகக் குறையும். இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்தால் சில சமயம் பச்சையாகவோ நீலமாகவோ மாறும். பூண்டின் கந்தகச் சேர்மங்கள் புளிப்புடன் சேரும்போது நடப்பது அது, கெடுதல் இல்லை. ஆனால் சாறு விட்டால் காய இன்னும் நேரமாகும்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: பாதி காய்ந்த பூண்டை எண்ணெயில் போட்டு அறைச் சூட்டில் வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. காற்று புகாத எண்ணெய்க்குள் ஈரமான பூண்டு இருந்தால் போட்டுலிசம் என்ற உயிர்க்கொல்லி நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரலாம். அதற்கு வாடையோ நிறமாற்றமோ இருக்காது. சரியாகக் காயாத பூண்டை உப்பாக்க முடியாவிட்டால் அன்றைய குழம்பில் போட்டுவிடுங்கள்.

11. அடைப்பதும் பயன்படுத்துவதும்

ஒரு பெரிய பாட்டிலைவிட 100 கிராம் கண்ணாடிப் பாட்டில்கள் பல வைப்பதே நல்லது. ஒன்றைத் திறந்து பயன்படுத்தும்போது மற்றவை மூடியே இருக்கும். இரும்பு மூடியை உப்பு அரிக்கும், பிளாஸ்டிக் மூடி வாங்குங்கள். பாட்டிலை வெந்நீரில் கழுவினால் ஒரு முழு நாள் வெயிலில் காயவையுங்கள். தேதி எழுதி ஒட்டுங்கள். சரியாகக் காய்ந்தது ஆறு மாதம் நிற்கும்.

கொதிக்கும் குழம்புச் சட்டிக்கு மேலே பாட்டிலைக் கவிழ்த்துத் தூவாதீர்கள். ஆவி உள்ளே போகும். கையிலோ காய்ந்த கரண்டியிலோ எடுத்துப் போடுங்கள். சூடான எண்ணெயில் முதலில் போட்டால் கருகிக் கசக்கும். இறக்கும்போதோ மசாலாவில் பிசையும்போதோ சேர்ப்பதே முறை.

இதில் முக்கால் பங்கு உப்பு என்பதை மறக்காதீர்கள். ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 5 கிராம், போட்டால் அதில் 3.75 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குள் இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கறியில் ஏற்கெனவே உப்புப் போட்டுவிட்டு இதையும் தூவுவது கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் உப்பு சேர்க்காத வெறும் பூண்டுத் தூளாகவே ஒரு பாட்டில் தனியே வையுங்கள்.

12. செலவு

பூண்டு விலை நிலையில்லாதது, 100 ரூபாய்க்கும் விற்றிருக்கிறது, 400 ரூபாயையும் தாண்டியிருக்கிறது. கிலோ 200 ரூபாய் என்று வைத்தால்: பூண்டு 200, உப்பு 25, மின்சாரமும் மற்றதும் 35. ஆக 260 ரூபாயில் 1.1 கிலோ. நூறு கிராமுக்கு 24 ரூபாய்க்கும் குறைவு, பாட்டில் விலை தனி. உங்கள் ஒன்றரை நாள் உழைப்பை இதில் சேர்க்கவில்லை. விற்கும் எண்ணம் இருந்தால் அதையும் சேர்த்துத்தான் விலை போடவேண்டும்.

13. விற்பதானால்

அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பதானாலும், காசு வாங்கினால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். சிறு அளவில் வீட்டில் செய்பவர்களுக்கு உரிமம் தேவையில்லை, அடிப்படைப் பதிவு போதும். உணவுப் பதிவுக்கான அரசு இணையதளமான ஃபாஸ்காஸில் (FoSCoS) நீங்களே விண்ணப்பிக்கலாம். புகைப்படம், ஆதார் போன்ற அடையாளச் சான்று, செய்யும் இடத்தின் முகவரிச் சான்று ஆகியவை வேண்டும். வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதத்தை முதலிலேயே வாங்கி வையுங்கள், பெரும்பாலும் தாமதமாவது அதில்தான். அரசுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். இதற்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள். விண்ணப்பித்த 7 நாளுக்குள் பதிவு தரவேண்டும் அல்லது ஆய்வுக்கு வருவதாகச் சொல்லவேண்டும். ஆய்வு உண்டென்றால் ஒரு மாதம் வரை கணக்கில் வையுங்கள். அதுவரை லேபிள் அச்சடிக்காதீர்கள், ஏனென்றால் 14 இலக்கப் பதிவு எண் அதில் வரவேண்டும்.

லேபிளில் பொருளின் பெயர், அளவில் கூடியது முதலில் வரும்படி சேர்பொருள்கள் (உப்பு, பிறகு பூண்டுத் தூள்), நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், தொகுதி எண் (பேட்ச் நம்பர்), உங்கள் பெயர், முகவரி, தொடர்பு எண், பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் ஆகியவை இருக்கவேண்டும். அரிசி மாவு சேர்த்தால் அதையும் எழுத வேண்டும். எடை போட்டு அடைத்து விற்பவர்களுக்குச் சட்டமுறை எடையளவுப் பதிவும் உண்டு, கட்டணம் 500 ரூபாய். முத்திரையிட்ட தராசே பயன்படுத்த வேண்டும். அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் மாதிரி லேபிளை நாகர்கோவிலில் உள்ள உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் காட்டிவிடுங்கள். ஆயிரம் லேபிள் அச்சடித்த பிறகு ஒரு வரி விடுபட்டது தெரிந்தால் அத்தனையும் குப்பைக்குத்தான்.

உணவுக்கு விற்கும் உப்பில் கடைக்கு வரும்போது கிலோவுக்கு குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்கவேண்டும் என்பது விதி. உப்பளத்து உப்பில் செய்ததை விற்றால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். அயோடின் உப்பு வாங்கிய ரசீதையும் பாக்கெட் உறையையும் அந்தந்தத் தொகுதி எண்ணோடு ஒரு கோப்பில் வையுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பாட்டிலை விற்காமல் உங்களிடமே நிறுத்திவைத்து, மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள். ஆறு மாதம் தாங்கும் என்று லேபிளில் போடும் உரிமை அந்தப் பாட்டில் ஆறு மாதம் உதிரியாக நின்ற பிறகுதான் உங்களுக்கு வரும். அதுவரை மூன்று மாதம் என்றே போடுங்கள்.